சுளகில் வந்த பந்து

தம் கணவருடைய இடுப்பு வாரைப் பிரித்துப் போட்ட ஒரு வெள்ளிக்கிழமையில் ஜொஹறாவின் தோல்வேலை தொடங்கியது. அப்போது அவருக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. வவுனியாவில் பிறந்து வளர்ந்த அவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டளவில், முல்லைத்தீவுக்கு அண்மையிலுள்ள தண்ணீரூற்றுக்கு வாழ வந்திருந்தார். கணவர் மஹ்றூப் தோல் வியாபாரி. சுற்றூர்களில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வாங்கி, உப்பிட்டு, மடித்து அடுக்கி, லொறி வரும்போது கொழும்புக்கு ஏற்றிவிடுவது அவர் தொழில். தோல் அடுக்கிய கொட்டில் வீட்டின் பின்புறத்திலேயே இருந்தது. அதன் மணத்தைப் பற்றி ஜொஹறா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர் மனத்தை உறுத்தியது வேறொரு கேள்வி.

“இந்தத் தோலெல்லாம் அங்க போய் என்னவாகுது?” என்று அவர் ஒருநாள் கேட்டார்.

“சப்பாத்தாகுது, பெட்டியாகுது. எனக்கென்ன தெரியும்? நான் ஏத்தி விடுறன், அவையள் இறக்கி எடுக்கினம்” என்றார் மஹ்றூப்.

இந்த மறுமொழி ஜொஹறாவுக்குப் போதவில்லை. அந்த வீட்டில் பதனிட்ட தோலாக இருந்த ஒரே பொருள் மஹ்றூப்பின் வார். சாரத்தின்மேல் கட்டுகின்ற, பைகள் வைத்துத் தைத்த அகன்ற வார். மஹ்றூப் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த வேளையில் ஜொஹறா அதனை எடுத்துத் தையலை அவிழ்த்தார். ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டு வந்த மஹ்றூப், தம் வார் பாயின்மேல் பகுதி பகுதியாகக் கிடப்பதைக் கண்டார்.

“என்ர வாருக்கு என்ன நடந்தது?”

“உள்ளுக்கு எப்படித் தைச்சிருக்கெண்டு பாத்தனான்.”

“பாத்து முடிஞ்சுதோ?”

“இன்னும் இல்லை.”

மஹ்றூப் உப்பு மூட்டை கட்டுகின்ற கயிற்றால் சாரத்தை இறுக்கிக்கொண்டு, சட்டையை அதன்மேல் இழுத்து விட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். பொழுது சாயும்போது வார் பழையபடி வாராகியிருந்தது. முன்னரைவிட உறுதியாகிவிட்டது என்று அவரே பின்னர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தோல்வேலை ஜொஹறாவுக்குத் தொழிலாக இருந்ததில்லை. வீட்டலுவல்கள் முடிந்த பின்னர் விரும்பிச் செய்த பொழுதுபோக்காகவே அது இருந்தது. பணப்பை, கத்தியுறை, மூக்குக்கண்ணாடிக் கூடு, குர்ஆன் பிரதிக்கு மேலுறை எனச் சிறு பொருள்களையே அவர் செய்தார். அவற்றைச் செய்வதற்கு உரிய கருவிகளைத் தேடி எந்தக் கடைக்கும் போகவில்லை. உடைந்த இரும்பறுக்கும் வாளின் துண்டொன்றைக் கொல்லரிடம் கொடுத்து, வாயைப் பிறைபோலத் தேய்ப்பித்துக் கத்தியாக்கினார். சைக்கிள் சில்லின் கம்பியை நாற்பட்டையாக அராவி, பாலை மரப் பிடி பொருத்திக் குத்தூசியாக்கினார். வெட்டிய விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு மான்கொம்புத் துண்டும், துளைகளுக்கு இடைவெளி குறிக்கச் சாப்பாட்டு மேசையின் முள்ளுக்கரண்டியும் இருந்தன. தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர்களிடம் மெழுகை வாங்கினார். ஒட்டுவதற்கு விளாம்பிசின் போதுமானதாக இருந்தது.

இச்செய்தி மெல்லப் பரவியது. தோல்வேலையில் ஆசை கொண்டவர்கள் வன்னியில் இத்தனை பேர் இருந்தார்களா என்று வியக்கும்படி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உருத்திரபுரத்தில் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் தமது புத்தகப் பையைத் தாமே தைக்க விரும்பினார். கண்டாவளையிலிருந்து வந்த ஒருவர் தம் வேட்டைக் கத்திக்கு உறை செய்ய நினைத்தார். வருகின்றவர்கள் விறாந்தையில் கிடந்த வாங்கில் அமர்வார்கள். வாசலில் நீலத் திரைச்சீலை தொங்கும். திரைக்கு உட்புறத்தில் ஜொஹறா பாயில் அமர்ந்திருப்பார். அந்நியரான ஆண்கள் முன் அவர் வருவதில்லை. அது அந்த வீட்டின் முறை. அவர்கள் கொண்டுவந்த தோலையோ கருவியையோ அரிசி புடைக்கின்ற ஒரு சுளகில் வைத்துத் திரையின் கீழாக உள்ளே தள்ளவேண்டும். அவர் அதனைத் தடவி, வளைத்து, முகர்ந்து பார்ப்பார். சற்று நேரத்தில் சுளகு விடையோடு வெளியே வரும்.

அவர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: “ஏதும் வாங்கிப்போட்டியளோ?” இல்லையென்று சொன்னால் அவர் குரலில் மகிழ்ச்சி தெரியும். துணுக்காயைச் சேர்ந்த சின்னராசா என்பவர், தமது சவாரி மாடுகளுக்குச் சலங்கைப் பட்டி செய்வதற்கென்று யாழ்ப்பாணம் போய், ஒரு பெட்டி நிறையக் கருவிகளை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சுளகு போதாமையால் பெட்டியையே உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. உள்ளே நெடுநேரம் இரும்புச் சத்தம் கேட்டது. பின்னர் இரண்டு கருவிகள் மட்டும் சுளகில் வந்தன.

“அண்ணன், உங்களுக்கு வேண்டியது இது ரெண்டும். மிச்சத்துக்கு நீங்கள் சப்பாத்துக் கடைதான் போடவேணும்.”

கொட்டிலில் உப்புத் தூவிக்கொண்டிருந்த மஹ்றூப் சிரித்த சிரிப்பில் சின்னராசாவும் சேர்ந்துகொண்டார்.

பொருளை எங்கே வாங்குவது என்பதிலும் ஜொஹறா தெளிவான கருத்து வைத்திருந்தார். தம் கணவரின் கொட்டிலிலுள்ள பச்சைத்தோல் பொழுதுபோக்குக்காரருக்கு உதவாது என்று கணவருக்குக் கேட்கும்படியே சொல்வார். யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் செருப்பின் அடித்தோல் என்றும், மடிக்கவேண்டிய எதற்கும் அது ஆகாது என்றும் எச்சரிப்பார். வவுனியாவில் பழைய சாமான் கடை வைத்திருந்த தம் தமையன் ஜெமீலிடம் ஆட்களை அனுப்புவார். உலகப் போர்க்காலத்தில் வவுனியாவில் இருந்த விமானத் தளம் கலைக்கப்பட்டபோது மலிந்து கிடந்த பைகளும் வார்களும் உறைகளும் ஜெமீலின் கடையில் அப்போதும் தூங்கிக் கொண்டிருந்தன. “பழசெண்டு பயப்பிடாதேங்கோ. நல்லாப் பதனிட்ட தோல் பழசானால்தான் தன்ர குணத்தைக் காட்டும்” என்பார். நல்ல தோலை அறிந்துகொண்ட ஜொஹறாவுக்கு நல்ல நூல் மட்டும் எட்டவில்லை. கடைப் பருத்தி நூல் ஈரம் பட்டால் இற்றுப்போயிற்று. அந்தக் குறை பல ஆண்டுகள் நீடித்தது.

அவரிடம் வந்தவர்களுள் எவரும் லோறன்ஸைப் போன்ற இக்கட்டில் வந்ததில்லை.

லோறன்ஸ் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்றொழிலாளர்; அவ்வூர் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர். ஆண்டுதோறும் அந்தோனியார் பெருநாளை ஒட்டி அவரது ஊரணிக்கும் தண்ணீரூற்று அணிக்கும் ஒரு போட்டி நடைபெறும். அது கடற்கரை மைதானத்தில் நடைபெறுவதால், பந்து கொடுப்பது கரையூராரின் பொறுப்பு. பந்து இல்லையென்றால் போட்டி தண்ணீரூற்றுக்கு மாறிவிடும். ஊரார் சேர்ந்து வாங்கிய ஒரே தோற்பந்து, கோல் காப்பாளர் என்ற முறையில் லோறன்ஸின் பாதுகாப்பில் இருந்தது.

வெயிலில் பந்தின் தோல் வெடிக்கத் தொடங்கியதைக் கண்ட லோறன்ஸ், தம் வள்ளத்துக்குச் செய்வதையே பந்துக்கும் செய்தார். உள்ளிருந்த றப்பர்ப் பையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, தோலுக்குச் சுறா எண்ணெயை இரண்டு தரம் நன்றாக ஊட்டி, வேலியில் காயவிட்டுக் கடலுக்குப் போனார். கரையில் மீன் நாற்றம் எங்கும் உள்ளதுதான். ஆனால் மாட்டுத்தோலும் சுறா எண்ணெயும் ஒன்றாகக் கிடைக்கும் நாள் கரையூர் நாய்களுக்கு அதுவரையில் வாய்த்ததில்லை. லோறன்ஸ் கரை திரும்பியபோது பந்தில் எஞ்சியிருந்தவை சில கிழிந்த துண்டுகளே.

அணித் தலைவர் அல்பேர்ட் அவரை வலைகள் வைக்கும் வாடியடியில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

“டேய் லோறன்ஸ், நாய்க்கு விருந்து வைக்கிறதெண்டால் எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே. இலை போட்டிருப்பம்.”

“எண்ணெய் போட்டால் தோல் நிக்குமெண்டு நினைச்சன் அண்ணை.”

“வள்ளத்துக்குப் போடுறதைப் பந்துக்குப் போட்டனீ. இனி வள்ளத்துக்குக் காத்தடிக்கப் போறியோ? கேள், பெருநாளுக்குள்ள பந்தோட வந்தால் கோலுக்குள்ள நில். இல்லையெண்டால் சனத்தோட சனமாய் நிண்டு பார்.”

அல்பேர்ட் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கோல் கம்பங்களுக்கு இடையேயுள்ள அந்த இடமே லோறன்ஸுக்கு ஊரில் இருந்த பெருமை முழுவதும். புதுப் பந்துக்காக ஊராரிடம் மறுபடியும் கையேந்த அவர் விரும்பவில்லை. தாமே ஒரு பந்து செய்வதென்று முடிவு செய்தார். தோல் வாங்குவதற்காக மனைவி யூலிற்றாவையும் அழைத்துக்கொண்டு மஹ்றூப்பின் கொட்டிலுக்கு வந்தார்.

செய்தியைக் கேட்ட மஹ்றூப் தலையை அசைத்தார். “பச்சைத்தோலில பந்து செய்தால் திரும்பவும் நாய்தான் விளையாடும். விறாந்தைக்குப் போங்கோ. எங்கட வீட்டில கேளுங்கோ.”

லோறன்ஸ் வாங்கில் அமர்ந்து, கிழிந்த பந்தின் துண்டுகளைச் சுளகில் வைத்து உள்ளே தள்ளினார். திரைக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது.

“சுறா எண்ணெயோ?”

“ஓம் அம்மா.”

“எவ்வளவு?”

“வள்ளத்துக்குப் போடுற அளவு.”

உள்ளே சுளகு குலுங்கும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்பது யூலிற்றாவுக்கு விளங்கிவிட்டது. யூலிற்றா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே சென்றார். பெண்களுக்கு அங்கே தடையில்லை. சென்றவர் உடனே தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“இஞ்சேருங்கோ, அம்மா அம்மா எண்டு கூப்பிடாதேங்கோ. அவா உங்களிலும் இளையவா!”

“அப்ப தங்கச்சி எண்டு சொல்லுறன்” என்றார் லோறன்ஸ், நாணத்தோடு.

“எப்படியும் சொல்லுங்கோ அண்ணன். ஏதும் வாங்கிப்போட்டியளோ?”

“இன்னும் இல்லை.”

“நல்லம்” என்று திரைக்குப் பின்னிருந்து மனநிறைவோடு மறுமொழி வந்தது.

தோலுக்கு எண்ணெய் கூடாது என்பதன்று, அளவும் இனமும் அறிந்து ஊட்டவேண்டும் என்று ஜொஹறா விளக்கினார். மெழுகையும் ஆட்டுக்கொழுப்பையும் சேர்த்து உருக்கி, சூடு தணிந்த பின்னர், விரல் நுனியால் மெல்லியதாகத் தேய்த்தால் போதும். நாயும் திரும்பிப் பாராது. கிழிந்தவற்றுள் முழுதாக எஞ்சியிருந்த ஒரு துண்டை நனைத்து, பலகையில் அழுத்தி உலர்த்தி, அதனையே வெட்டுமாதிரியாக்கினார். அப்பந்து பதினெட்டுத் துண்டுகளால் ஆனது. மும்மூன்றாய் இணைத்து ஆறு பக்கங்களாகத் தைத்திருந்தார்கள்.

ஜெமீலுக்குச் சொல்லியனுப்பியதில், வவுனியாவிலிருந்து பஸ்ஸில் ஒரு சாக்குக் கட்டு வந்தது. அதற்குள் விமானப்படையினர் விட்டுச்சென்ற பெரிய தோற்பை ஒன்று இருந்தது. அதனைப் பிரித்து விரித்தபோது ஜொஹறா நெடுநேரம் தடவிப் பார்த்தார். மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல் இறுக்கமானது. வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும். இரண்டையும் கலந்து தைத்தால், காற்றடித்தவுடன் பந்து பூசணிக்காய்போல ஒரு பக்கம் வீங்கும். எந்தத் துண்டு எவ்வளவு இழுபடும் என்று அறிய, ஒவ்வொன்றையும் நனைத்து இரு முனையிலும் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு இருவர் தேவை. ஆகவே ஒரு முனை திரைக்கு வெளியே லோறன்ஸின் கையிலும் மறு முனை உள்ளே ஜொஹறாவின் கையிலும் இருக்க, திரையின் கீழாகத் தோல் இழுபட்டது.

மஹ்றூப்பின் தம்பி பக்கீர் அந்த வேளையிலேதான் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் தண்ணீரூற்று அணியின் தலைவர். பந்து பிடிப்பவரைத் தோளால் இடித்துத் தள்ளுவதில் பேர்பெற்றவர்.

“என்ன மதினி, வீட்டுக்குள்ள கயிறிழுப்புப் போட்டியோ?”

“பந்துக்குத் தோல் பாக்கிறம்.”

வாங்கில் இருப்பவர் யாரென்று பக்கீர் பார்த்துக்கொண்டார். “நல்லாயிருக்கு! பந்தில்லாமல் போனால் ஆட்டம் எங்கட ஊருக்கு வரும். நீங்கள் எதிராளிக்குப் பந்து தைச்சுக் குடுக்கிறியள். நானா, இதைக் கேளுங்கோ!” என்று கொட்டிலிலிருந்த தமையனுக்குக் குரல் கொடுத்தார்.

“பந்தில்லாத ஆக்களை வெண்டுபோட்டு அதைப் போய் ஆரிட்டச் சொல்லப் போறீர், பக்கீர்?” என்றார் ஜொஹறா. “வந்தது வந்தீர், அந்த முனையை ஒருக்காப் பிடியும். அண்ணனுக்குக் கை ஓய்ஞ்சு போச்சு.”

பக்கீர் முணுமுணுத்துக்கொண்டே முனையைப் பிடித்தார். எதிரணிக்காரர் இருவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தே அந்தப் பந்துக்குத் தோல் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அடுத்தது நூல். பருத்தி நூலைப் பற்றி ஜொஹறா மனக்குறையோடு சொன்னபோது லோறன்ஸ் வியப்படைந்தார். மடியிலிருந்து ஒரு நூற்பந்தை எடுத்துச் சுளகில் வைத்தார். அது வலை பின்னுகின்ற சணல் நூல். கடலில் ஊறி ஊறிப் பழகுவதற்கென்றே மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்தது. ஜொஹறா அதனைப் பிரித்து, முறுக்கி, பல்லால் கடித்து, மெழுகில் இழுத்துப் பார்த்தார்.

“அண்ணன், இது எங்க கிடைக்கும்?”

“எங்கட வாடியில ஒவ்வொரு முளையிலயும் தொங்குது.”

“இத்தனை வருசம் நான் இதைத் தேடினனான்” என்றார் ஜொஹறா. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டால் அதனை மறைக்காமல் மகிழ்கின்ற இயல்பு அவருடையது. அன்றிலிருந்து, நூலுக்கு வழி கேட்டு வருகின்ற எல்லாரையும் லோறன்ஸின் வாடிக்கு அனுப்பத் தொடங்கினார்.

ஆயினும் அந்த நூலோடு லோறன்ஸின் கைப்பழக்கமும் சேர்ந்து வந்தது. தைக்கும் முறையை ஜொஹறா சொல்லிக் கொடுத்தார்: ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசிகள், இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே துளைக்குள் புகுந்து வெளியேற வேண்டும், ஊசிகளின் முனை மழுங்கியிருக்க வேண்டும், ஏனெனில் துளையைக் குத்தூசி முன்னரே இட்டுவிடுகிறது. லோறன்ஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த முறை மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்துக்கொண்டு பெருமையோடு வந்தார். சுளகு உள்ளே போனது. ஜொஹறாவின் விரல் தையலின்மேல் ஓடி, நின்று, மறுபடியும் ஓடி நின்றது.

“அண்ணன், இது பந்தோ, வலையோ?”

“ஏன் தங்கச்சி?”

“ஒவ்வொரு துளையிலயும் முடிச்சுப் போட்டிருக்கிறியள்.”

லோறன்ஸ் திகைத்துப் போனார். முடிச்சுப் போட்டதை அவர் அறியவே இல்லை. சிறு வயதிலிருந்து வலைக் கண்ணுக்கு ஒரு முடிச்சென்று பழகிய கை, அவரைக் கேளாமலே போட்டிருந்தது.

“முடிச்சில்லாமல் எப்படி நிக்கும்? ஒரு கண் அறுந்தால் எல்லாம் அவிழுமே” என்று அவர் வாதாடினார்.

“வலைக்கு அது சரி. இதில முடிச்செல்லாம் உள்பக்கம் கல்லு மாதிரி நிண்டு, உதைக்க உதைக்க றப்பரை அரிச்சுப்போடும். முடிச்சுப் பிடிக்கத் தேவையில்லை. ரெண்டு நூலும் ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிக்கும். ஒண்டு அறுந்தாலும் மற்றது விடாது.”

யூலிற்றா இடையே புகுந்தார். “தங்கச்சி, இவர் சப்பாத்து லேசுக்கும் வலை முடிச்சுப் போடுற மனிசன். நான் பக்கத்தில இருந்து பாக்கிறன். முடிச்சுப் போட்டால் கையில தட்டுறன்.”

அவ்வாறே நடந்தது. லோறன்ஸ் தம் வீட்டு முற்றத்தில் பந்து தைத்தபோது, யூலிற்றா அகப்பைக் காம்போடு அருகில் அமர்ந்திருந்ததைக் கரையூர் முழுவதும் வேடிக்கை பார்த்தது. “யூலிற்றாக்கா, தட்டுங்கோ, தட்டுங்கோ!” என்று வேலிக்கு வெளியே நின்று கூவினார்கள். அல்பேர்டும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். தட்டு வாங்க வாங்க முடிச்சுகள் குறைந்தன. பின்னர் இல்லாமற் போயின.

தோற்பந்தை உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, பின்னர் றப்பர்ப் பையை நுழைக்கும் வாய்வழியாகத் திருப்பி எடுப்பார்கள். வாய்க்குப் பக்கத்திலுள்ள கடைசித் தையல் மூட்டை மட்டும் திருப்பிய பின்னரே தைக்க முடியும். அதனைக் கண்ணால் பார்த்துத் தைக்க வழியில்லை. விரலே கண்ணாக வேண்டும். லோறன்ஸ் அந்த ஒரு மூட்டுக்காகத் தொழிலுக்குப் போகாமல் இருந்தார்.

பெருநாளுக்கு முதல் நாள் மாலையில், காற்றடித்த பந்தைச் சுளகில் வைத்து உள்ளே தள்ளினார். பந்து திரையில் முட்டி நின்றது. யூலிற்றா திரையை உயர்த்திக் கொடுக்க, அது ஜொஹறாவின் மடிக்கு உருண்டு போயிற்று. அவர் அதனைச் சுழற்றிச் சுழற்றி எல்லா மூட்டுகளையும் தடவினார். வாயருகே இருந்த மூட்டின்மேல் அவரது விரல் இரண்டு முறை போய்வந்ததை யூலிற்றா கவனித்தார். ஜொஹறா மெழுகுக் கலவையைச் சிறிது எடுத்து அவ்விடத்தில் தேய்த்தார்.

“என்ன தங்கச்சி, சத்தத்தைக் காணேல்லை?” என்று வெளியேயிருந்து லோறன்ஸ் கேட்டார்.

“நல்ல பந்து அண்ணன். கொண்டுபோய் விளையாடுங்கோ.”

மறுநாள் கடற்கரையில் கூடியிருந்த கூட்டத்தின் நடுவே அல்பேர்ட் பந்தை வாங்கி, மணலில் ஓங்கிக் குத்திப் பார்த்தார். இரு கைகளாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். பின்னர் கோல் கம்பங்களைக் கையால் காட்டினார். லோறன்ஸ் ஓடிப்போய்த் தம் இடத்தில் நின்றார்.

ஆட்டம் கடுமையாக இருந்தது. பந்து இரண்டு தடவை கடலுக்குள் போய்வந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி அது கனத்துவிட்டபோதிலும் உருவம் மாறவில்லை. தலையால் முட்டிய பக்கீர், “இது பந்தோ, கருங்கல்லோ? எங்கட மதினியின்ர வேலைதானே!” என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். எவரும் கோல் போடாமல் ஆட்டம் முடிவை நெருங்கியது. அப்போது பக்கீர் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்த பந்தை லோறன்ஸ் பாய்ந்து மார்போடு அணைத்துக்கொண்டார். கரையூரார் ஆரவாரித்தார்கள்.

பந்தைப் பிடித்தவர் உடனே அதனை உதைத்துத் தள்ளியிருக்க வேண்டும். லோறன்ஸ் அதைச் செய்யவில்லை. அந்த உதையின் வேகத்தில் மூட்டு என்னவாயிற்றோ என்னும் எண்ணமே அவருக்கு முதலில் வந்தது. அவர் பந்தைத் திருப்பி, பெருவிரலால் ஒரு தையலைத் தடவிப் பார்த்தார்.

“உதையடா! உதையடா லோறன்ஸ்!” என்று அல்பேர்ட் கத்தியது அவர் செவியில் விழவில்லை. பந்து வைத்திருக்கும் காப்பாளரைத் தோளால் இடிப்பது அந்நாளில் குற்றமன்று. ஓடிவந்த பக்கீர் ஒரே இடியில் லோறன்ஸையும் பந்தையும் கோலுக்குள் தள்ளினார். ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது.

ஊர் ஆத்திரப்படும் என்று யூலிற்றா அஞ்சினார். அல்பேர்ட் ஓடி வந்து, மணலில் கிடந்த லோறன்ஸைத் தூக்கி நிறுத்தினார்.

“அங்க என்னத்தையடா தடவினனீ?”

“தையல்… தையல் விட்டிட்டுதோ எண்டு பாத்தனான் அண்ணை.”

“விட்டிட்டுதோ?”

“இல்லை.”

அல்பேர்ட் அவர் மேலிருந்த மணலைத் தட்டிவிட்டார். பின்னர் அடக்கமாட்டாமல் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. “இனிமேல் உன்னைக் கோலுக்குள்ள விடமாட்டம். நீ பந்தைச் செய்துபோட்டுக் கோட்டுக்கு வெளியில நிண்டு ஆறுதலாய்த் தடவு. ஆனால் அடுத்த வருசப் பந்தும் உன்ர கையாலதான் வரவேணும், சொல்லிப்போட்டன்.”

அந்த வாரத்திலேயே லோறன்ஸும் யூலிற்றாவும் பந்தையும் எடுத்துக்கொண்டு தண்ணீரூற்றுக்கு வந்தார்கள். தோற்ற செய்தியைப் பக்கீர் முன்னரே கொண்டுவந்திருந்தார். அதனை எத்தனை தடவை நடித்துக் காட்டினார் என்பதை மஹ்றூப் சொல்லிச் சிரித்தார். லோறன்ஸ் வழக்கமான வாங்கில் அமர்ந்தார்.

“கோலில இருந்த இடம் போச்சுது தங்கச்சி” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் எதிர்பார்த்திருந்த அளவு இருக்கவில்லை.

ஆறுதல் சொல்லுகின்ற வழக்கம் ஜொஹறாவிடம் இல்லை. “பக்கீர் இடிக்க வரேக்க, எந்த மூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?” என்று கேட்டார்.

“வாய்க்குப் பக்கத்து மூட்டை.”

“எனக்கும் அதிலதான் ஐமிச்சம் இருந்தது” என்றார் ஜொஹறா. “ஒரு தையல் கொஞ்சம் நெகிழ்வு. பந்து ஆட்டத்துக்குத் தாங்குமெண்டு தெரியும். சொல்லியிருந்தால் நீங்கள் நித்திரை கொள்ளாமல் பிரிச்சிருப்பியள், விடியப் பந்தில்லாமல் நிண்டிருப்பியள். அதுதான் சொல்லேல்லை.”

“நான் தைக்கேக்கையே விரலுக்குத் தெரிஞ்சது தங்கச்சி. நீங்கள் கண்டுபிடியாமல் விட்டிட்டியளெண்டு நினைச்சன்.”

“நான் கண்டுபிடியாமல் விடுறதோ!” என்று திரைக்குப் பின்னால் ஜொஹறா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதை லோறன்ஸ் அன்றுதான் முழுதாகக் கேட்டார்.

“அப்ப பிரிச்சுத் தைப்பமோ?”

“சுளகில வையுங்கோ” என்றார் ஜொஹறா. “முதல்ல காத்தைத் திறந்து விடுங்கோ. போன தரம் திரையைக் கழட்டிப்போடும் போல கிடந்தது.”

லோறன்ஸ் பந்தின் வாயை அவிழ்த்தார். காற்று மெல்ல இறங்கியது. தட்டையாகிப்போன தோலைச் சுளகில் வைத்து, அதனருகே ஒரு புதிய சணல் நூற்பந்தையும் வைத்து, இரண்டையும் திரையின் கீழாக உள்ளே தள்ளினார்.